வலியின் வாயிலை அடைக்கும் மருந்துகள்

வட பாகிஸ்தானில் வீதியோரங்களில் வேடிக்கை காட்டிவந்த சிறுவன் ஒருவன் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தான். கைகளில் கத்தியைச் செருகிக்கொள்வதும் எரியும் தணலின் மீது நடப்பதும் அவனது வித்தைகள். அவன் வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவனல்லன். வலி என்றால் என்னவென்றே அறியாதவன். 14 வயது நிறைவதற்கு முன்னரே வீட்டுக் கூரையிலிருந்து குதித்து அவன் உயிரிழந்தான்.

வட பாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் இவ்வாறே வலியுணராத ஆறு பேரை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி வூட்ஸும் அவரது குழுவினரும், 2006 ஆம் ஆண்டில் அதன் காரணத்தை வெளியிட்டனர். தொடுகையையும் சூட்டையும் குளிரையும் இவர்களால் உணர முடிந்தது. வலியை மாத்திரமே உணர முடியவில்லை. நரம்புகளிலுள்ள ஒரேயொரு புரதம் பரம்பரைக் குறைபாட்டினால் செயலிழந்திருந்தமையே இதற்குக் காரணமாகும்.

அப்புரதம் ஓர் அயன் கால்வாய். நரம்புக் கலத்தின் மென்சவ்வில் அமைந்துள்ள மிக நுண்ணிய வாயில் என அதனை நாம் விளங்கிக்கொள்ளலாம். உடலில் காயம் ஏற்படும்போது இத்தகைய வாயில்கள் திறக்க, வெளியிலிருந்து சோடியம் அயன்கள் உட்புகுகின்றன. அதனால் எழும் மின் கணத்தாக்கம் நரம்பு வழியே முண்ணாணை அடைந்து, அங்கிருந்து மூளைக்குக் கடத்தப்படுகின்றது. அப்போதே நாம் வலியை உணர்கின்றோம்.

பல் பிடுங்கும்போது ஏற்றப்படும் லிக்னோகெயின் எனும் விறைப்பு மருந்து சோடியம் வாயில்களை அடைத்து விடுகின்றது. ஆனால் அதற்கு வாயில்களிடையே பேதம் தெரியாது. வலியுடன் தொடுகையுணர்வும் மறைந்து உதடு மரத்துப்போவது அதனாலேயே. அளவுமீறி இரத்தத்தில் கலந்தால் இதயத்தின் வாயில்களையும் அது பாதிக்கும்.

மோர்பின் செயற்படும் விதம் வேறு. அது நரம்புக் கலத்தின் வாங்கிகளில் இணைந்து, கல்சியம் வாயில்களைக் கட்டுப்படுத்துகின்றது; பொற்றாசியம் வாயில்களைத் திறக்கச் செய்கின்றது. இதனால் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தியைக் கையளிப்பது தடைப்படுகின்றது. எனினும் அதே வாங்கிகள், சுவாசத்தையும் இன்ப உணர்வையும் ஆளும் மூளைப் பகுதிகளிலும் உள்ளன. மூச்சு ஒடுங்கும் அபாயமும் அடிமைப்படும் அபாயமும் தோன்றுவது இங்கேதான். 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அளவுமீறிய போதைப்பொருட் பாவனையினால் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோரின் மரணத்தில் மோர்பின் வகையைச் சேர்ந்த பொருட்களுக்குப் பங்கிருந்தது.

ஆகவே, வலி நரம்புகளின் வாயிலை மாத்திரம் அடைக்க முடியாதா என விஞ்ஞானிகள் தேடினர். பாகிஸ்தானியக் குடும்பங்களில் பழுதுற்றிருந்த வாயிலைக் குறிவைத்த மருந்துகள், பரிசோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் அதன் உறவுப் புரதமொன்றை அடைக்கும் சுசெட்ரிஜின் எனும் மருந்துக்கு, 2025 ஜனவரி 30 ஆம் திகதி அமெரிக்கா அங்கீகாரம் வழங்கியது. அவ்வாயில் பெரும்பாலும் மூளைக்கு வெளியேயுள்ள வலி நரம்புகளிலேயே காணப்படுவதால், இம்மருந்து அடிமைப்படுத்தாது என எதிர்பார்க்கப்படுகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வலியை இது வெற்று மாத்திரையிலும் பார்க்கக் கூடுதலாகத் தணித்தது. ஆனால் மோர்பின் வகை மருந்தொன்றும் பரசிட்டமோலும் சேர்ந்த கலவையை அது விஞ்சவில்லை. எனவே இதனை அற்புத மருந்தெனக் கொண்டாடுவது அவசரமாகும்.

வெளியானபோது அமெரிக்காவில் இதன் ஒரு குளிசைக்கு 15.50 டொலர் விலை குறிக்கப்பட்டது. வறிய நாடுகளின் நோயாளருக்கு இது எட்டாக்கனியே. மறுபுறம், மலிவான மோர்பின் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. அடிமையாகி விடுவார் என அஞ்சி, இறுதிக்கட்டப் புற்றுநோயாளிக்கு அதனை மறுப்பது மனிதாபிமானமாகாது.

வலி உடலின் காவலாளி என்பதை அச்சிறுவனின் மரணம் உணர்த்துகின்றது. ஆனால் ஆபத்தை அறிவித்த பின்னரும் ஓயாது கூக்குரலிடும் காவலாளியை அமைதிப்படுத்துவது மருத்துவத்தின் கடமை. புதிய மருந்து வரும்வரை அக்கடமை காத்திருக்க முடியாது என்பதே எமது கருத்தாகும்.