பாட்டனாரின் கை, பேரனின் கை

"தாத்தாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்" என்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துச் சொல்வது நம் வீடுகளில் சம்பிரதாயம். ஆனால் அவ்வாக்கியத்தின் உண்மை, அந்தக் குழந்தை வளர்ந்து, தலை நரைத்து, நாற்பத்தைந்தையோ ஐம்பதையோ தாண்டும் பருவத்தில், அதன் நடையிலும் கனைப்பிலும் கையசைவிலும்தான் பூரணமாகப் புலப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் சந்தையில் கேழ்வரகு மூட்டையின் முன் நின்று, ஒரு பிடி தானியத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலக்கைப் பெருவிரலால் தேய்த்து, ஊதித் தூசியைப் போக்கி, நாலைந்து மணிகளை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்த பின்னரே விலை கேட்பது என் பாட்டனாரின் வழக்கம். கேழ்வரகை மாவாகவே வாங்கிப் பழகிவிட்ட நான், அதே சந்தையில் அதே காரியத்தை என்னையறியாமல் செய்துகொண்டிருந்தபோது, உடன் வந்த அத்தை, "ஏங் கண்ணு, எங்கப்பன் மாதிரியே ஊதறயே!" என்று கண் கலங்கிச் சிரித்தார்.

இந்த விசித்திரத்தை விஞ்ஞானிகள் வெகுகாலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். சார்லஸ் டார்வின், உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி 1872-இல் வெளியிட்ட நூலில், தம் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன் தெரிவித்த ஒரு குடும்ப விவரத்தைப் பதிவு செய்திருக்கிறார். கனவான் ஒருவர், மல்லாந்து அயர்ந்து உறங்கும் வேளையில், வலக்கையை மெல்ல முகத்துக்கு நேரே நெற்றிவரை உயர்த்தி, மணிக்கட்டு மூக்குத்தண்டின் மேல் விழும்படி திடீரென்று போட்டுவிடுவார். அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனை மணந்த பெண்மணி, மாமனாரின் இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டிராதவராயிருந்தும், தம் கணவரிடம் அதையே கண்டார்; பிறகு அத்தம்பதியரின் பெண்குழந்தையும், சற்றே மாறிய விதத்தில், உறக்கத்தில் அவ்வாறே கையைத் தூக்கிப் போடத் தொடங்கியது. பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட பாட்டனாரைப் பார்த்து அந்தப் பேத்தி கற்றுக்கொண்டிருக்க முடியாதல்லவா?

ஒரு குடும்பத்தின் கதையை வைத்து முடிவு கட்டலாகாது என்பாருக்கு, இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற 21 பேரின் முகபாவங்களை, பார்வையுள்ள அவர்களுடைய உறவினர் 30 பேரின் முகபாவங்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். கோபத்திலும் துக்கத்திலும் ஆழ்ந்த யோசனையிலும் முகம் போகும் போக்கில், உறவினரின் முகத்தை ஒருநாளும் கண்டிராதவர்களிடத்தும், அந்தந்தக் குடும்பத்துக்கே உரிய சாயல் தென்பட்டது.

தாத்தா பாட்டி நால்வரில் ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக நமக்கு வருவது மரபணுச் செல்வத்தில் நான்கில் ஒரு பங்கு. ஆனால் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவிய எங்கள் தருமபுரிப் பக்கத்தில் இந்தக் கணக்கு மாறும். அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தையைப் பெற்றவளும், தாயின் தாயைப் பெற்றவளும் ஒருத்தியே. ஆதலால் அந்தப் பாட்டியிடமிருந்து தந்தை வழியே நான்கில் ஒரு பங்கும், தாய் வழியே எட்டில் ஒரு பங்கும் சேர்ந்து, எட்டில் மூன்று பங்கு அக்குழந்தையை வந்தடைகிறது. அவளுடைய சாயல் வருகிற அதே இரட்டை வழியில், மறைந்து கிடக்கும் நோய்க்கூறுகளும் வந்து கூடிவிடக் கூடும் என்பதாலேயே மருத்துவர்கள் இம்மணங்களை வேண்டாமென்கிறார்கள். அந்த எச்சரிக்கையை நாம் மனப்பூர்வமாக ஏற்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், கேழ்வரகைத் தேய்த்து ஊதுவதற்கென்று ஒரு மரபணு இருக்க நியாயமில்லை. அது கண்ணால் வந்தது. ஒரு சோதனையில், பதினான்கு மாதக் குழந்தைகளின் எதிரே ஒருவர் குனிந்து, நெற்றியால் ஒரு பலகையைத் தொட்டு விளக்கெரியச் செய்தார். ஒரு வாரம் கழித்து அப்பலகையைக் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தாமும் நெற்றியாலேயே தொட்டார்கள் என்று உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1988-இல் காட்டினார். தாய் தகப்பன் பிழைப்புக்காகப் பெங்களூர் போய்விட, பாட்டியின் இடுப்பிலும் தாத்தாவின் தோளிலும் வளர்ந்த பென்னாகரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! களி கிண்டிய துடுப்பைச் சட்டியின் விளிம்பில் பாட்டி தட்டும் விதம்கூட அவர்கள் உள்ளத்தில் பதிந்திருக்கும். அந்தப் பாட்டியின் பேச்சுக்கள் மறந்து போனாலும், உடலால் பயின்றவை மூளையின் ஆழத்திலுள்ள வேறு நரம்புத் திரள்களில் தங்கி நிற்கின்றன.

சில ஒற்றுமைகள் ரத்தத்தாலும் வருவதில்லை, பார்த்தும் வருவதில்லை. செய்தித்தாளைக் கைக்கெட்டிய தூரம் தள்ளிப் பிடிப்பது கண்வில்லை நெகிழ்ச்சி இழப்பதாலும், கோழி கூவுமுன் விழித்துக்கொள்வது உடலின் உறக்கக் கடிகாரம் முந்திக்கொள்வதாலும் நேர்வன. இவை முதுமை எல்லோருக்கும் கொடுப்பவை. எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீரும் இதில் சேரும். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருப்பதால், பற்கள் ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அதைக் குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. நெடுநாள் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகின. தாத்தா, தகப்பன், மகன் என்று மூவருக்கும் ஒரே பல், ஒரே நடை என்றால் வம்ச லட்சணம் என்றே தோன்றும். காரணமோ மூவரும் நீரிறைத்த ஒரே கிணறு. 2013-இல் செயலுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது இந்தப் பொய்யான பரம்பரையை அறுப்பதற்காகவே. அதைவிடப் பெரிய உபகாரத்தை எங்கள் மாவட்டம் கண்டதில்லை என்பேன்.

ஆனால், பாட்டனாரின் குணங்கள் நமக்கு முதுமையில்தான் வருகின்றன என்று எண்ணுவது சரியன்று. அவரை நாம் அறிந்தது அவருடைய முதுமையில் மட்டுமே. ஆகையால் நாம் அந்த வயதை எட்டும்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வழி பிறக்கிறது. இருபது வயதில் அவர் எப்படிச் சிரித்தார், எப்படிக் கோபித்தார் என்று நாம் கண்டதில்லை. நம் இளமையிலேயே நம்மிடம் குடியிருந்த அவருடைய எத்தனையோ சுபாவங்களை, இன்னாருடையவை என்று அறியாமலே கடந்து வந்துவிட்டோம். அதைச் சொல்லக் கூடியவர்கள் அவருடைய தங்கைமாரும், கூட ஏர் ஓட்டிய பங்காளிகளும், பரிசல் தள்ளிய தோழர்களுமே. அவர்களில் ஒருவரேனும் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அடுத்த பண்டிகைக்குக் காத்திராமல், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.