பட்டம் முன்னே, ராஜ்யம் பின்னே

உலக வழக்கில் ராஜ்யத்தை ஜயித்த பிறகுதான் பட்டாபிஷேகம் நடக்கும். முதலில் தாமே முடிசூடிக்கொண்டு, பிறகு ராஜ்யத்தைத் தேடிப் புறப்பட்ட ஒரு பாடகரின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா ராஜ்யத்தின் தலைநகரான அட்லாண்டாவில், 1980-ஆம் வருஷம் பிறந்தவர் கிளிஃபர்டு ஹாரிஸ். பாட்டனாரும் பாட்டியும் அவரை வளர்த்தார்கள். வறுமை குடிகொண்ட பேட்டை. பிள்ளைப் பிராயத்திலேயே போதைச் சரக்கு விற்கும் கூட்டத்தில் சேர்ந்து போலீஸாரிடம் அகப்பட்டுக் கொண்டார். ஆயினும் 'ராப்' பாட்டு அவரை விட்டு அகலவில்லை.

ராப் என்பது ராகத்தைக் காட்டிலும் தாளத்தை நம்பி நிற்பது; எதுகை எதுகையாகச் சொற்களை அடுக்கி விரைந்து உரைப்பது. நியூயார்க்கில் பிறந்த இக்கலையை அந்நகரமும் லாஸ் ஏஞ்சல்ஸும் தங்கள் பிதிரார்ஜித சொத்தாகவே பாவித்து வந்தன. 1995-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பரிசளிப்பு விழாவில், அட்லாண்டாவிலிருந்து வந்த அவுட்காஸ்ட் ஜோடி மேடை ஏறியபோது சபையில் கூச்சல் எழுந்தது. 'தெற்கத்தியாருக்கும் சொல்ல விஷயம் உண்டு' என்ற கருத்துப்பட அவர்களில் ஒருவர் அங்கேயே பதிலளித்துவிட்டு இறங்கினார்.

அந்த ரோஷத்தில் வளர்ந்தவர் ஹாரிஸ். கெட்டோ-விஷன் என்ற சிறு இசைத்தட்டுக் கம்பெனி அவரைச் சேர்த்துக் கொண்டது. அதற்கு மேலே பெரிய கம்பெனியான அரிஸ்டா. 'டிப்' என்பது அவருடைய செல்லப் பெயர். ஆனால் அரிஸ்டாவில் 'க்யூ-டிப்' என்ற மூத்த கலைஞர் இருந்தமையால், மரியாதை கருதிக் கடைசி எழுத்தை விட்டு 'டி.ஐ.' ஆனார்.

2001-இல் 'ஐ ஆம் சீரியஸ்' என்ற முதல் தொகுப்பு வெளிவந்தது. அதில் தம்மைத் 'தெற்கின் ராஜா' என்று பறைசாற்றிக் கொண்டார். ராஜா வந்தார், பிரஜைகளைத்தான் காணோம்! விற்பனை கம்பெனியாருக்குத் திருப்தி தரவில்லை. ஒப்பந்தமும் முறிந்தது.

இசைத்தட்டு ஒப்பந்தத்தின் சூட்சுமம் இதுதான்: கம்பெனி முன்பணம் தரும்; விற்பனையில் பாடகருக்குச் சேரும் பங்கிலிருந்து அதைப் பிடித்துக் கொள்ளும்; வேறிடத்தில் பாடவும் எளிதில் விடாது. எனவே ஒப்பந்தம் முறிவது ஆதரவை இழப்பது மட்டுமன்று. விலங்கு கழல்வதும் ஆகும்.

டி.ஐ. மூலையில் உட்காரவில்லை. ஜேசன் கீட்டர் என்பவருடன் கூடி 'கிராண்ட் ஹஸில்' என்ற சொந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பெரிய கம்பெனியின் தயவின்றி, 'மிக்ஸ்டேப்' எனப்படும் தொகுப்புகளைத் தயாரித்துத் தம் ஊர்த் தெருக்களிலேயே பரப்பினார். 2003-இல் போன் கிரஷரின் 'நெவர் ஸ்கேர்டு' என்னும் பாட்டில் விருந்தாளியாகப் பாடியது அவர் குரலை நாடெங்கும் கொண்டு சென்றது.

இப்போது அட்லாண்டிக் கம்பெனி அவரை நாடியது. இம்முறை அவர் தனியே போகவில்லை. தம் ஸ்தாபனத்தையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். 2003 ஆகஸ்டில் வெளியான 'டிராப் மியூஸிக்' முதல் வாரத்திலேயே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4-ஆம் ஸ்தானம் பெற்றது. 'டிராப்' என்றால் போதைச் சரக்கு விற்கும் வீடு; பொறி என்றும் பொருள்படும். அவ்வாழ்வின் பெருமிதத்தோடு அச்சத்தையும் அவர் மறைக்காமல் பாடினார். 'என்னைவிட நல்லவனாக இரு' என்று இளைஞருக்குப் புத்தி சொல்லும் பாட்டும் அதில் உண்டு.

ஆனால் பொறி அவரை எளிதில் விடவில்லை. பழைய வழக்கின் நிபந்தனைகளை மீறியதற்காக 2004-இல் சிறை சென்றார். வெற்றி வாசலில் நிற்கையில் பழவினை பின்வாசலில் நின்றது.

2006-இல் 'கிங்' என்ற தொகுப்பு முதல் ஸ்தானத்தை அடைந்தது. ஐந்து வருஷங்களுக்கு முன் நகைப்புக்கிடமாயிருந்த பட்டத்தையே அதற்குப் பெயராக வைத்திருந்தார். இம்முறை யாரும் நகைக்கவில்லை.