விழுந்தவர் மீண்டும் ஏறும்போது

கரிசல் மண்ணின் இயல்பைச் சங்கரன்கோவில் வட்டார மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த காலையில் வண்டிப்பாதையில் சைக்கிளை உருட்டினால், சற்றுத் தொலைவு செல்வதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே சேறு அப்பி இறுகிவிடும். குச்சியால் சுரண்டிப் பார்ப்பர். இயலாதபோது சைக்கிளைத் தோளில் சுமந்து நடப்பர். நமக்குத் தொல்லையாக இருக்கும் இதனையே மேலை நாட்டார் ஒரு விளையாட்டாக்கியுள்ளனர். ‘சைக்ளோ கிராஸ்’ என்பது அதன் பெயர்.

பிரான்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இப்பந்தயம், இன்று பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பெரிதும் போற்றப்படுகிறது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் கொண்ட சுற்றுப்பாதையில் புல்தரை, மணல், சேறு, படிக்கட்டு, மரத்தடுப்பு எல்லாம் உண்டு. ஓட்ட முடியாத இடத்தில் குதித்திறங்கி, வண்டியைத் தோளிலேற்றி ஓட வேண்டும். வாரமெல்லாம் அலுவலகத்திலும் பட்டறையிலும் உழைப்போர், விடுமுறை நாளில் கலந்துகொள்ளும் எளிய போட்டிகளும் பல நடைபெறுகின்றன.

இத்தகைய பந்தயத்துக்கு, காயமுற்றுப் பல மாதம் ஒதுங்கியிருந்த ஒருவர் திரும்பி வருவது எளிதன்று. எலும்பு கூடிவிட்டது என்பது வேறு. கால் வலுப்பெற்றுவிட்டது என்பது வேறு. கட்டுக்குள் கிடந்த கால் சில வாரங்களிலேயே மெலிந்துவிடுகிறது. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. விழுந்த இடத்தின் அச்சம் உள்ளத்தில் நின்றுவிடுகிறது.

ஜான் ரோபிக் என்னும் பிரெஞ்சு வீரர் 1944ஆம் ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தில் விழுந்து மண்டையோட்டில் முறிவுற்றார். அவர் பந்தயத்தைத் துறந்தாரில்லை. அச்சமே இல்லாதவர்போல் நடிக்கவும் இல்லை. தோலாலான தலைக்கவசம் அணிந்து திரும்பினார். 1947இல் பிரான்சைச் சுற்றும் பெரும்பந்தயத்தில் வென்றார். 1950இல் பாரிசில் நடைபெற்ற முதல் சைக்ளோ கிராஸ் உலகப் போட்டியிலும் வாகை சூடினார். துணிவும் எச்சரிக்கையும் உடன்பிறப்புகள் என்பதற்கு அவரே சான்று.

நம் காலத்துச் சான்று பெல்ஜிய வீரர் வவுட் வான் ஆர்ட். 2016 முதல் 2018 வரை மூன்று முறை உலக வாகையரான இவர், 2019 ஜூலையில் பிரான்சுப் பந்தயத்தில் தடுப்பில் மோதித் தொடையில் ஆழ்ந்த காயமுற்றார். அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று லூன்ஹவுட் என்னும் ஊரில் மீண்டும் களமிறங்கினார். கிடைத்தது ஐந்தாம் இடம். உலக வாகையர் ஒருவர் ஐந்தாமவராக வருவதற்கு நாணவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. 2020 ஆகஸ்டில், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கொண்ட மிலான்–சான் ரேமோ பந்தயத்தில் அவரே முதல்வரானார்.

பெயர் பெறாத எளிய போட்டியாளருக்கு இவ்வுண்மை இன்னும் பொருந்தும். முதல்வர் ஒரு முழுச்சுற்று முந்திச் சென்றுவிட, பின்தங்கியவர் தம் சுற்றை முடித்து எல்லைக்கோட்டை அடைகிறார். அவருக்குப் பரிசில்லை. ஆயினும் தம் காலை மீண்டும் நம்பக் கற்றுக்கொண்டு இல்லம் திரும்புகிறார். திரும்பி வரும் முதல் நாள், வெல்வதற்குரிய நாளன்று. தம் உடலின் இன்றைய அளவை அறிவதற்குரிய நாள்.

பெற்றோர்களே, நம் இல்லங்களிலும் இத்தகையோர் உளர். கபடியில் முழங்கால் பிசகிய மகன், இருசக்கர வண்டியினின்று விழுந்து கால் முறிந்த தந்தை, வழுக்கி விழுந்த பாட்டியார் ஆகியோரை நாம் அறிவோம். “இனி உன்னால் ஆகாது” என்று மூலையில் அமர்த்துவதும் தவறு, “இன்னுமா படுத்திருக்கிறாய்?” என்று விரட்டுவதும் தவறு. மருத்துவர் குறித்த பயிற்சியை நாள்தோறும் செய்யத் துணைநில்லுங்கள். நேற்றினும் பத்தடி கூடுதலாக நடந்தால் பாராட்டுங்கள். பழைய வேகத்தை நினைவூட்டி வருத்தாதீர்கள்.

சேற்றில் சிக்கிய சைக்கிளைத் தோளில் சுமக்கும் உழவர் அதனைத் தோல்வி என்று எண்ணுவதில்லை. நல்ல பாதை வந்ததும் இறக்கிவைத்து ஏறிக்கொள்கிறார். நலிவுற்ற காலமும் அத்தகையதே.