ஒரு விளக்கு, நான்கு வெளிச்சம்!



எங்க அப்பா ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறார். வண்டிக்கான காஸ்டிங்குகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. "மேல பளபளன்னுதான் இருக்கும். உள்ள ஒரு ஓட்டையைக் கவனிக்காம விட்டா, ரோட்டுல ஒரு உயிர் போயிடும்" என்பார். ஒருநாள் கேட்டேன்: "வானத்தையும் எக்ஸ்ரேயில் பார்க்கலாமாப்பா?" "உங்க சாரைக் கேளு" என்றார். சார் சொன்னதை எழுதுகிறேன்.

குவாசார் என்றால் என்ன? தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவே உள்ள பெரிய கருந்துளை. அதில் விழும் வாயு சூடேறி ஒளியும் எக்ஸ் கதிரும் வீசும். நடுவழியில் இன்னொரு மண்டலம் இருந்தால், அதன் ஈர்ப்பு விசை ஒளியை வளைத்துவிடும். அடி தடித்த கண்ணாடி டம்ளர் வழியே மெழுகுவத்தியைப் பாருங்கள், சுடர் வளைந்து நெளிந்து தெரியும். அதுபோல ஒரே குவாசார் இரண்டாக, நான்காகத் தெரியும். இப்படி முதலில் கண்டது 1979-இல். அதில் ஒரு பிம்பம் மினுக்கினால், மற்றது 417 நாள் கழித்துத்தான் மினுக்கும்! ஏனென்றால் இரண்டு ஒளியும் வந்த பாதை வேறு.

நம்ம பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில் காவலூர் தொலைநோக்கி இருக்கிறதே, அதில் எக்ஸ் கதிரைப் பார்க்கலாமா? முடியாது. காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடும். அதனால் 1999-இல் 'சந்திரா' என்ற தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர் அது!

600 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு குவாசார் நான்காகத் தெரிகிறது. நடுவில் உள்ள மண்டலம் லென்ஸ் மாதிரி அதைப் பிரகாசமாக்கியதால், அதன் எக்ஸ் கதிரைச் சந்திராவும் ஐரோப்பாவின் நியூட்டன் தொலைநோக்கியும் அலச முடிந்தது. அந்தக் கருந்துளை ஒளி வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் சுழல்கிறது என்று 2014-இல் அறிவித்தார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "எங்க மெஷின்ல நாங்க கதிரை அனுப்புறோம். அங்க அதுவே அனுப்புது. ஆனா உத்துப் பாக்கற வேலை ஒண்ணுதான்" என்றார்.

அப்பா வேலை என்ன என்று யாராவது கேட்டால் இதுவரை "கம்பெனி வேலை" என்று மட்டும் சொல்லி வந்தேன். இனி முழுசாகச் சொல்வேன்.

— 10-ஆம் வகுப்பு மாணவன்