கடல்மீன் தொட்டி: சண்டைக்கார மீனைக் கடைசியில் விடுங்கள்

"ஐயா, 200 லிட்டர் தொட்டியில் கடல்மீன் வளர்க்கிறேன். தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதலில் நான்கு நீல டாம்சல் விட்டேன். பிறகு விட்ட ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டே நாளில் துடுப்பு கிழிந்து செத்துவிட்டது. அடுத்து லயன் மீனும் கிளாத்தியும் வாங்க ஆசை. சேர்ந்து இருக்குமா?" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சேராது. முதலில், நடந்தது என்ன என்று பார்ப்போம். ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். காவல் பழகிய நாய் இருக்கும் வீட்டுக்குள் புது நாயை விட்டால் சும்மா இருக்குமா? டாம்சலும் அப்படித்தான். விலை குறைவு, உடல் உறுதி என்பதால் புதியவர்கள் அதையே முதலில் வாங்குகிறார்கள். அது கல் இடுக்கைத் தன் இடமாக்கிக்கொண்டு, பின்னால் வருவதை விரட்டுகிறது. எனவே சாதுவான மீன் முதலில், சண்டைக்கார மீன் கடைசியில் என்பதே வரிசை.

அதற்கும் முன்னால் தொட்டி தயாராக வேண்டும். வயலில் இட்ட யூரியா அமோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுவது நமக்குத் தெரியும். மீன் கழிவிலும் அதே வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். பரிசோதனைக் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடலாம்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை வேண்டும். 200 லிட்டருக்கு 7 கிலோ. சமையல் உப்பு உதவாது. போர் தண்ணீரைவிட ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும். நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

இனி, எது எதோடு சேரும்?

200 லிட்டர்: கோமாளி மீன் இரண்டு. ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பெரியது பெண்ணாக மாறி ஜோடி சேரும். மூன்றாவது வேண்டாம். ஒரு மாதம் கழித்து மஞ்சள் வால் டாம்சல் ஒன்று விடலாம். அது மற்ற டாம்சல்களைவிடச் சாது.

500 லிட்டருக்கு மேல்: லயன் மீன் ஒன்று, சிறிய வகை அஞ்சாளை ஒன்று. அஞ்சாளை வெளியே தாவாமல் இருக்க இறுக்கமான மூடி அவசியம். லயன் மீன் ஓர் அடி வரை வளரும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விழுங்கும். அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி, உடனே மருத்துவமனை செல்லுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது வேண்டாம்.

கிளாத்தி: லயன் மீனின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறும். இறால், நண்டையும் விடாது. பெரிய தொட்டியில் தனியாக வளர்க்க வேண்டிய மீன்.

களவா: குஞ்சாக அழகாக இருக்கும், வளர்ந்தால் தொட்டி போதாது. தொடக்கக்காரர்கள் தவிர்க்கலாம்.

கடைகளில் விற்கும் கடல்மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. கோமாளி மீனை மட்டும் பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியுள்ளது. அதன் மையம் மண்டபத்திலும் உண்டு. பண்ணைக் குஞ்சு தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகியது, எளிதில் சாகாது. கடல் குதிரையும் பவளப்பாறையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவளக் கல்லுக்குப் பதில் செராமிக் கல் போதும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: கற்களை வெளியே எடுத்தால் டாம்சல்களைப் பிடிப்பது எளிது. நான்கையும் கடையில் திருப்பிக் கொடுங்கள். கற்களை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, புதுக் கோமாளி ஜோடியை விடுங்கள். லயன் மீனுக்கு வைத்திருக்கும் பணத்தில் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்குங்கள். இரவில் மின்சாரம் போனால் மீனைக் காப்பாற்றப்போவது அதுதான்.