அணிவகுத்துப் பறக்கும் பழைய விமானங்கள்

பறந்து செல்லும் ஒரு பழைய போர் விமானத்தைப் படம் பிடிக்கிறீர்கள். படம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆனால் மூக்கில் உள்ள சுழல்விசிறி அசையாமல் நிற்கிறது! எந்திரம் நின்றுபோய்க் கீழே விழப் போகும் விமானம்போல் அது தோன்றுகிறது. தவறு எங்கே நேர்ந்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லங்காஸ்டர் என்னும் குண்டு வீச்சு விமானங்கள் 7,377 கட்டப்பட்டன. பறக்கும் நிலையில் காக்கப்பட்டு வருபவை இரண்டே. ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. மற்றொன்று கனடாவில் உள்ளது. 2014-இல் கனடா விமானம் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தது. இரண்டும் இணையாகப் பறந்தன. எட்டு மெர்லின் எந்திரங்கள் ஒருசேர முழங்கின. இங்கிலாந்தில் லங்காஸ்டர் நடுவிலும், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய சிறு விமானங்கள் பக்கங்களிலுமாகப் பறக்கும் அணிவகுப்பும் புகழ் பெற்றது.

விமானியின் வேலை

அணிவகுப்பின் இரகசியம் ஒன்றே: ஒரு விமானத்தைப் பொறுத்து மற்றொன்றின் சார்புத் திசைவேகம் சுழியாக இருக்க வேண்டும். நேராகப் பறக்கையில் இது ஓரளவு எளிது. திரும்பும்போதுதான் சோதனை!

நடு விமானம் நொடிக்கு 75 மீட்டர் வேகத்தில், 1000 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறது என்று கொள்வோம். வெளிப்புற விமானம் 30 மீட்டர் தள்ளிப் பறந்தால் அதன் ஆரம் 1030 மீட்டர். கோண வேகம் ஒன்றே ஆதலால், அது நொடிக்கு 77.25 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். வேகத்தைக் கூட்டத் தவறினால் பத்தே நொடிகளில் 22 மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். உட்புற விமானமோ வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

உங்கள் வேலை

இனி காமிராவுக்கு வருவோம். சுழல்விசிறி நிமிடத்திற்கு 900 முறை, அதாவது நொடிக்கு 15 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால், அதற்குள் விசிறி 5.4 பாகைதான் திரும்பும். ஆகவே அது நின்றதுபோல் பதிவாகிறது. 1/125 நொடியில் 43 பாகை திரும்பும். சுழற்சி அழகாகத் தெரியும்.

ஆனால் அந்த 1/125 நொடியில் விமானமும் 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுமே? ஆம். அதனால்தான் காமிராவை விமானத்தோடு சேர்த்துச் சீராகத் திருப்ப வேண்டும். அப்போது காமிராவைப் பொறுத்து விமானம் அசைவதில்லை. விசிறி மட்டுமே அசைகிறது. விமானி வானில் செய்வதையே நீங்கள் தரையில் செய்கிறீர்கள்!

படம் சொல்லும் பொய்

தொலைவிலிருந்து எடுத்த படங்களில் விமானங்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் தெரியும். 400 மீட்டர் தொலைவில் ஒன்றும், 430 மீட்டரில் அதே போன்ற மற்றொன்றும் இருந்தால், பின்னது ஏழு சதவீதமே சிறிதாகத் தெரியும். நம் கண் அவ்விடைவெளியை உணர்வதில்லை.

எனினும் ஆபத்து மெய்யானதே. 2022 நவம்பர் 12 அன்று, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த வான் காட்சியில், பி-63 விமானம் ஒன்று பி-17 குண்டு வீச்சு விமானத்தின் மீது மோதியது. இரண்டிலும் இருந்த ஆறு பேரும் உயிரிழந்தனர். பார்வையாளருக்கென வகுத்த எல்லைக் கோட்டைத் தாண்டாதிருப்பது ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

வீட்டிலேயே பழகலாம்

இதற்கெல்லாம் இங்கிலாந்து செல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள். அது நிமிடத்திற்கு 300 முறை சுழன்றால், 1/15 நொடியில் ஓர் இறக்கை அடுத்த இறக்கையின் இடத்தை அடைந்துவிடும். படத்தில் முழு வட்டம் தெரியும். ஷட்டர் நேரத்தை மாற்றி மாற்றி எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு சாலையோரம் பாதுகாப்பாக நின்று, கடந்து செல்லும் சைக்கிளைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பிப் பழகுங்கள்.

என்றாவது அந்த விமானங்களைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரு முறையேனும் காமிராவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். எந்திரங்களின் அதிர்வெண்கள் சிறிதே வேறுபடும்போது, ஒலி ஏறியும் இறங்கியும் விம்மும். வகுப்பில் இரு இசைக்கவைகளைத் தட்டிக் கேட்ட அதே விம்மல்கள்தாம் அவை!