செந்நீர் ஓடும் சிற்றாறுகள்

மேற்கு யூட்லாந்தில் வாழும் எம்மவர்கள், வயலோரச் சிற்றாறுகள் சில செம்மண்ணைக் கரைத்தாற்போல் ஓடுவதைக் கண்டிருப்பர். அது செம்மண்ணன்று, இரும்பு. டேனிய மொழியில் அதனை 'ஒக்கர்' என்பர்.

முன்னர் சதுப்பாயிருந்த இந்நிலங்களின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் உண்டு. நீரால் மூடப்பட்டிருக்கும்வரை அது தீங்கற்றது. பயிர்ச்செய்கைக்காக நீரை வடித்தபோது காற்றிலுள்ள ஒட்சிசன் அதனைத் தீண்டியது. அமிலமும் கரைந்த இரும்பும் வாய்க்கால்களில் இறங்கின. நிறமற்ற அவ்விரும்பு, ஓடையில் காற்றுப் பட்டதும் துருவாகிறது; மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சை அடைக்கிறது; சரளைக் கற்களிடையே இடப்பட்ட முட்டைகளை மூடிவிடுகிறது.

இவ்விரும்பின் போக்கை மேலும் இரண்டு மாற்றுகின்றன. ஒன்று, உக்கிய இலைகளிலிருந்தும் சதுப்புத் தாவரங்களிலிருந்தும் கரையும் சேதனப் பொருள். நீருக்குத் தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நிறத்தைத் தருவது இதுவே. அதனை அழுக்கென்று எண்ணலாகாது. செம்பு போன்ற உலோகங்களை அது பற்றிக்கொள்வதால், மீன்களுக்கு அவற்றின் நச்சுத்தன்மை குறைகிறது. ஆயினும், அதே பிணைப்பு இரும்பைப் படியவிடாது நெடுந்தூரம் சுமந்து செல்லவும் கூடும்.

மற்றையது சூரிய ஒளி. அது துருவை மீண்டும் கரைக்க வல்லது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து அமில மலையோடை ஒன்றை ஆராய்ந்த டயான் மக்னைற் குழுவினர், கரைந்த இரும்பு பகலில் மிகுவதையும் இரவில் குறைவதையும் 1988இல் எடுத்துக்காட்டினர். அமிலம் குறைந்த நீரிலோ, கரைந்த இரும்பு விரைவிலேயே துருவாகிவிடும். ஒளி சேதனப் பொருளையும் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. ஆகவே, நண்பகலில் அள்ளிய ஒரு போத்தல் நீர் ஓடையின் முழுக் கதையையும் கூறாது.

டென்மார்க் 1985இல் ஒக்கர்ச் சட்டத்தை இயற்றி, ஒக்கர் அபாயமுள்ள நிலங்களில் அனுமதியின்றி நீர் வடிப்பதைத் தடுத்தது. இரும்பு படிவதற்கென ஆழமற்ற குளங்களும் வெட்டப்பட்டன.

ஸ்கியேர்ன் ஆற்றின் வரலாறு இதனினும் பெரிய பாடம். 1960களில் அவ்வாறு நேராக்கப்பட்டு, ஏறத்தாழ 4000 ஹெக்டேயர் சதுப்பு வயலாக்கப்பட்டது. ஒக்கர் ரிங்கொபிங் கடனீரேரி வரை சென்றது. சல்மன் மீன் அற்றுப்போகும் நிலை எய்தியது. 1999 முதல் 2002 வரை ஆற்றின் வளைவுகளை மீட்டு, ஏறத்தாழ 2200 ஹெக்டேயரை மீண்டும் நீருக்கே விட்டனர். சல்மனும் மீளப் பெருகியது.

நிலத்தை உலர்த்துதல் அபிவிருத்தி என்று போற்றப்பட்ட நாட்டிலேயே, அதனை மீண்டும் நனைத்தல் அறிவாயிற்று. தவற்றை ஒப்புக்கொண்டு திருத்த ஒரு தலைமுறைக்கு மேல் சென்றது. செந்நீர் ஓடும் எஞ்சிய ஓடைகள், திருத்தம் இன்னும் முடியவில்லை என்பதை உணர்த்துகின்றன.